வளர மறுத்த பாறைப்பாசி

பாசி என்றால் வழுக்கும் என்பது வரைக்கும்தான் கழுகுக்குத் தெரியும். இந்த வழக்கிலோ காலை ஒன்பது மணியிலிருந்து தொட்டதெல்லாம் வழுக்கிக்கொண்டிருந்தது.

‘கழுகு’ என்பது அவர் விசிட்டிங் கார்டில் அவரே அச்சடித்துக்கொண்ட பட்டம். கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி, எட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி, இரண்டையும் எங்கே வைத்தோம் என்று தேடிக் கொடுக்க மனைவியின் தம்பி. துப்பறியும் நிலையத்தின் மொத்த ஆள்பலம் அவ்வளவுதான். மச்சினனுக்கு முப்பத்தெட்டு வயது. ஏழு வேலைகளை உதறிவிட்டு எட்டாவதாக அத்தானைப் பிடித்துக்கொண்டவன். அக்காவின் சிபாரிசு என்பதால் அவனை அனுப்பவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

இயக்குநரின் அழைப்பில் இருவரும் வந்து நின்றிருந்தது ஆராய்ச்சி நிலையத்தின் மாதிரிக் கூடத்தில். தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரிகள். அவற்றுக்குள் நாற்பதாயிரம் காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும், ஏதோ ஒரு காட்டுப் பாறையில் தேமல் மாதிரி படர்ந்திருந்த பாறைப்பாசி ஒன்று, ஒட்டியிருந்த கல்லோடு உட்கார்ந்திருந்தது.

“சுரண்டினா தூளாயிடும் சார். உளி வெச்சுக் கல்லோடதான் பேத்து எடுக்கணும்,” என்றார் சாவியம்மா. கூடத்தின் பொறுப்பாளர். இருபத்தாறு வருஷமாக இடுப்பில் சாவிக் கொத்தோடு நடந்து நடந்து, கொத்து இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார் என்று நிலையத்தில் பேச்சு.

காணாமல் போனது ஒரே ஒரு கல். ஆனால் அதுதான் நிலையத்தின் மகுடம். பேராசிரியர் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கண்டுபிடித்த புது இனத்தின் மூல மாதிரி. ‘இந்த இனம் என்றால் இதுதான்’ என்று உலகத்துக்கு அடையாளம் காட்டும் முதல் துண்டு. திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தால் பொட்டலம் இருந்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. உள்ளே கல் இல்லை. நகக்கண் அளவு பச்சைத் தூள் மட்டும்.

இன்று நாலு மணிக்கு அந்தக் கல்லைப் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து ஒரு நிபுணர் அம்மா வருகிறார். அதற்குள் கல் கிடைக்கவில்லை என்றால் சாவியம்மாவுக்கு வேலை இல்லை. பணிநீக்க உத்தரவு டைப் அடித்து, இயக்குநரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“அலமாரிக்கு எத்தனை சாவி?” என்றார் கழுகு.

“ரெண்டு. ஒண்ணு என் இடுப்பில. இன்னொண்ணு பேராசிரியர்கிட்ட.”

“அப்ப அவரையும் விசாரிக்கணுமே?”

“அவரைக் கேக்கறது மரியாதை இல்லைன்னு டைரக்டர் நினைக்கிறார் சார். என்னைக் கேக்கறதில மரியாதைப் பிரச்சினை இல்லை.”

கழுகு காலிப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். மேலே ஒட்டிய சீட்டில் ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்தில் பேராசிரியரின் பெயர், அவர் கைப்பட, பட்டங்களோடு நான்கு வரி. ‘இனத்தின் பெயர்’ என்ற இடத்துக்கு மிச்சமிருந்தது அரை வரி.

“அத்தான், இவரு பாசிக்குப் பேரு வெச்சாரா, பேருக்குப் பாசி தேடினாரா?” என்றான் மச்சினன்.

“வாயை மூடிட்டு வா.”

பேராசிரியரின் அறைக்குள் நுழைந்ததும் பதினேழு பேராசிரியர்கள் அவர்களை வரவேற்றார்கள். பதினாறு பேர் சுவரில், சட்டத்துக்குள். மாலையோடு சிலர், சால்வையோடு சிலர். பதினேழாமவர் நாற்காலியில் இருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி வேகமாகச் சுற்ற, மேஜையில் அவர் படித்துக்கொண்டிருந்த அவருடைய பாராட்டு மலர் பறக்காதபடி முக்கோணக் கல் ஒன்று அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

“பாறைப்பாசி என்பது ஒரு செடி அல்ல,” என்று பேராசிரியர் ஆரம்பித்தார். கழுகு கேட்டது அலமாரிச் சாவியைப் பற்றி. “அது ஒரு கூட்டுக் குடும்பம். காளான் வீடு கட்டித் தருகிறது. உள்ளே குடியிருக்கும் பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது.”

“சமைக்கிறது ஒருத்தர், உக்காந்து சாப்பிடறது இன்னொருத்தரா சார்?”

“அப்படியும் சொல்லலாம்.”

“எங்க வீட்டு ஏற்பாடுதான் அத்தான்,” என்றான் மச்சினன் நெகிழ்ச்சியோடு.

அரை மணி நேரம் போயிற்று. அந்த இனம் உலகில் வேறெங்கும் இல்லை என்பதும், அந்த நிறம் வேறெந்தப் பாறைப்பாசிக்கும் இல்லை என்பதும் தெரிந்தது. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைக்கக் கூடாது என்று மரபு இருப்பதால், ஒரு மாணவரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார் என்பதும் தெரிந்தது. சாவி எங்கே என்பது மட்டும் தெரியவில்லை.

“என் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலையத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறதே,” என்று பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே வந்த கழுகு தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் கிடைத்த ஒரே தகவல், பதினாறு படங்களிலும் பேராசிரியர் ஒரே பக்கமாகத் தலை சாய்க்கிறார் என்பதுதான்.

அடுத்தது ஆராய்ச்சி மாணவி. ஒன்பதாவது வருஷமாக மாணவி. அவர் பச்சைத் தூளில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, இரண்டு சின்ன புட்டிகளைத் திறந்தார்.

“பாறைப்பாசியைக் கண்ணால மட்டும் பாத்து இன்னதுன்னு சொல்ல முடியாது சார். சொட்டு விட்டுப் பாக்கணும். இந்தக் காரச் சொட்டுக்குச் சிலது மஞ்சளாகும், சிலது ரத்தச் சிவப்பாகும். இது சலவைத் திரவம். இதுக்கும் சிலது சிவக்கும்.”

விட்டார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். தூள் பச்சையாகவே இருந்தது. இரண்டாவது சொட்டு. பச்சை. கழுகின் முதுகுதான் பிடித்துக்கொண்டது.

“எதுக்கும் மசியாது சார். கட்டுரையில ‘கம்பீர மௌனம்’னு எழுதியிருக்கார். பன்னிரண்டு வருஷத்தில ஒரு நூல்கூட வளரலை. உலகத்திலேயே மெதுவா வளர்றதுன்னு அதுக்கு ஒரு விருது. காட்டுல ஒரே பாதையில முப்பத்திரண்டு இடத்தில இருக்கு, சரியா ஐம்பது தப்படிக்கு ஒண்ணு. கரடி கால்ல ஒட்டிப் பரவுதுன்னு எழுதினார். அதுக்கு இன்னொரு விருது.”

“கரடி தப்படி எண்ணிட்டா நடக்கும்?” என்றான் மச்சினன்.

மாணவி குரலைத் தாழ்த்தினார். “மைக்ராஸ்கோப்புல காளான் இழையே தெரியலைன்னு ரெண்டாம் வருஷம் நான் சொன்னேன். கண்ணைப் பரிசோதிச்சுக்கச் சொன்னார். பரிசோதிச்சு, கண்ணாடியும் போட்டுக்கிட்டேன். அப்பவும் தெரியலை. மறுபடி சொல்லலை.”

கிளம்பும்போது ஒரு கையேட்டைக் கொடுத்தார். காட்டுப் பாறைகளில் பார்ப்பதை அடையாளம் காணப் பேராசிரியர் எழுதிய வழிகாட்டி. அறுபத்து மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை.

பன்னிரண்டரை மணிக்கு நிலையத்தின் ஜீப் அவர்களைக் காட்டின் வாசலில் உதிர்த்தது. காட்டுக் காவலர் முன்னால் நடந்தார். காக்கிச் சட்டை, தேய்ந்த பூட்ஸ், பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் போகாத ஆள்.

கழுகு இதுவரை பாறையைப் பாறை என்றுதான் நினைத்திருந்தார். குனிந்து பார்த்தபோது அது ஒரு சந்தையாக இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தூவி விட்ட மாதிரி. சாம்பல் நிறத்தில் ஒன்று, ஓரமெல்லாம் சரிகை வேலை. கறுப்புக் கோடு போட்டு வரைபடம் பிரித்துக்கொண்ட மஞ்சள் ஒன்று. காய்ந்த அப்பளம் போல ஓரம் தூக்கிக்கொண்ட இன்னொன்று. ஒவ்வொன்றின் முன்னும் மண்டியிட்டுக் கையேட்டைத் திறந்தார்.

“ஓரம் மடலாக இருந்தால் இரண்டுக்குப் போ. இல்லையென்றால் பதினாலுக்குப் போ,” என்று படித்தான் மச்சினன்.

“இருக்கு.”

“ரெண்டு. அடிப்பக்கம் வேர் போன்ற மயிர் இருந்தால் மூணுக்குப் போ.”

“அடிப்பக்கம் கல்லுடா! எப்படிப் பாக்கறது?”

“அப்ப பதினாலு. பதினாலு, மேற்பரப்பில் கிண்ணங்கள் இருந்தால் முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு... ஓரத்தை மீண்டும் கவனிக்கவும், ஒண்ணுக்குப் போ.”

கழுகு கையேட்டைப் பிடுங்கி எறியப் போனார். நிலையத்தின் சொத்து என்று ஞாபகம் வந்து, பாறையை உதைத்தார். வலித்தது. மணி ஒன்றேகால். பாறைப்பாசியில் ஒன்றுகூட அடையாளம் தெரிந்தபாடில்லை, திருடனின் வாசனைகூட இல்லை.

மச்சினன் பின்னால் உட்கார்ந்து தன் செருப்பைக் கழற்றிக் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். “மடல் இல்லை, மயிர் இல்லை, கிண்ணம் இல்லை, தூள் இல்லை, நிறம் மாறலை... அறுபத்து மூணு. மேற்கண்ட எதிலும் அடங்காதது, பேராசிரியரின் இனம்.” நிமிர்ந்தான். “அத்தான், என் செருப்பும் அவரு இனம்தான்.”

“உன்னை இங்கேயே விட்டுட்டுப் போனா உங்க அக்கா என்னைக் கேப்பாளான்னு யோசிக்கிறேன்.”

“ரெண்டு நாள் கழிச்சுக் கேப்பா.”

காவலர் ஒரு பெரிய பாறை முன் நின்றார். சுற்றிலும் கம்பிவேலி, ‘தொடாதீர்’ பலகை. நடுவில் உள்ளங்கை அளவில் பேராசிரியரின் இனம். வெளிறிய பிஸ்தாப் பச்சை, வறண்ட ஏரி மாதிரி வெடித்த மேற்பரப்பு. அதன் ஒரு பக்கம் உளி பட்டு, ஒரு மூலை மழுங்கிய முக்கோணமாகப் பெயர்ந்திருந்தது. மூல மாதிரி பிறந்த இடம். மறுபக்கம் சரிகை ஓரச் சாம்பல் பாசி ஒன்று, யாரையும் கேட்காமல், பச்சையின் மேல் ஏறி அரை விரற்கடை தின்று முடித்திருந்தது.

அந்த முக்கோணத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று கழுகுக்குத் தோன்றியது. எங்கே என்று தோன்றவில்லை. கிட்டக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். எட்டக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் எரிச்சல்தான் தெரிந்தது.

“அத்தான், ஒதுங்கணும்.”

“இப்பவா?”

“இது நாம நேரம் குறிச்சு வர்ற விஷயமா?”

காவலரின் குடியிருப்பு பக்கத்திலேயே, ஓர் ஓட்டு வீடு. மச்சினன் வீட்டின் பின்பக்கம் மறைந்தான். கழுகு வாசல் கல்லில் உட்கார்ந்து, நாலு மணிக்கு இயக்குநரிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். சாவியம்மாவிடம் என்ன சொல்வது என்பதை யோசிக்கவே பயமாக இருந்தது.

பின்பக்கமிருந்து கூச்சல் வந்தது.

“அத்தான்! ஓடி வாங்க! முப்பத்து மூணாவது இடம்!”

கழிப்பறையின் தகரக் கதவு முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பிஸ்தாப் பச்சை. வறண்ட ஏரி மாதிரி வெடிப்பு. உலகில் வேறெங்கும் இல்லாத அதே நிறம். கரடி இங்கே நன்றாகவே கால் துடைத்திருந்தது.

கழுகு மெதுவாகக் காவலரைத் திரும்பிப் பார்த்தார். காவலர் வானத்தைப் பார்த்தார்.

“சொல்லுங்க,” என்றார் கழுகு.

காவலருக்கு இரண்டு வார்த்தை போதவில்லை. “பதினாலு வருஷம் முன்னாடி காலேஜ் பசங்க சில பேர் இந்தப் பாதையில வழி தவறிட்டாங்க சார். ஐம்பது தப்படிக்கு ஒரு பொட்டு வைன்னு மேலதிகாரி சொன்னார். மஞ்சள் டப்பாதான் குடுத்தாங்க. பத்தலை. கதவுக்கு அடிச்ச நீலம் கொஞ்சம் மிச்சம் இருந்துது, கலந்துட்டேன். மிச்சத்தைத் திருப்பிக் கதவுக்கே அடிச்சேன்.”

“பேராசிரியர் வந்தப்போ சொல்ல வேண்டியதுதானே?”

“பூதக்கண்ணாடி வெச்சுக் குனிஞ்சு பாத்துக் கண் கலங்கினார் சார். கூட எட்டு பேர் கை தட்டினாங்க. நான் எப்படிப் போய், அது என் பெயிண்டுன்னு சொல்றது? அப்புறம் வேலி போட்டாங்க. எனக்கு ‘அரிய உயிரினப் பாதுகாவலர்’னு சான்றிதழ் குடுத்தாங்க.” உள்ளே சுவரில் அது மாட்டியிருந்தது. “அதுக்கப்புறம் பொட்டு மங்கிட்டே வருது. மறுபடி அடிக்கவும் பயம், விடவும் பயம். தூக்கம் போச்சு சார்.”

“பெயிண்டைக் கரைக்கிற தின்னர் இருக்கா?”

“இருக்கு.”

“ஒரு சின்ன பாட்டில்ல குடுங்க.”

திரும்பும் வழியில், ஜீப் ஒரு குழியில் இறங்கி ஏறிய கணத்தில், கழுகுக்கு முக்கோணம் ஞாபகம் வந்தது. தலை கூரையில் இடித்ததால் என்று மச்சினன் பிற்பாடு சொன்னான்.

நாலு மணிக்குப் பேராசிரியரின் அறையில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். வெளிநாட்டு நிபுணர் அம்மாவை அங்கேதான் வரவேற்க வேண்டும் என்பது பேராசிரியரின் ஏற்பாடு, பதினாறு படங்களும் கண்ணில் பட வேண்டுமே. நிபுணர் அம்மா கழுத்தில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்க, மாணவி பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். சாவியம்மா கதவோரம் கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். இயக்குநர் உத்தரவையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தார்.

“மாதிரி களவு போனது நிலையத்துக்கே பேரிழப்பு,” என்று பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “குற்றவாளி யார் என்பதில் எனக்கு...”

“ஒரு நிமிஷம் சார்,” என்று காலிப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தார் கழுகு, பின்னால் மச்சினன். “இந்தப் பொட்டலம் சட்டைப் பைக்குள்ள அடங்கும். அப்படியே தூக்கிட்டுப் போனா ஒரு தூள்கூடச் சிந்தாது. திருடன் ஏன் கல்லை மட்டும் எடுத்துட்டு, காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடிச்சு வெச்சான்?”

“அந்த அம்மாளின் பழக்கதோஷம். மடித்து மடித்தே...”

“காகிதத்தில நாலு வரி உங்க பேர் இருக்கு சார். அதைக் கசக்கவோ கிழிக்கவோ மனசு வராத ஆள் இந்த நிலையத்தில ஒருத்தர்தான்.”

கழுகு கைநீட்டிப் பாராட்டு மலரின் மேலிருந்த முக்கோணக் கல்லை எடுத்தார். மலரின் பக்கங்கள் படபடவென்று பறக்க ஆரம்பித்தன. கல்லைத் திருப்பினார். அடிப்பக்கம் பிஸ்தாப் பச்சை.

“அது என் பேப்பர் வெயிட்!” என்றார் பேராசிரியர். மேடைத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

மச்சினன் பாட்டிலைத் திறந்தான். ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. பஞ்சால் ஒரு துடைப்பு. கல் சாதாரணக் கல்லாகிவிட்டது. பஞ்சு பச்சையாகிவிட்டது.

“ரியாக்‌ஷன் வந்துடுச்சு,” என்றார் மாணவி. ஒன்பது வருஷத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

நிபுணர் அம்மா பஞ்சை முகர்ந்தார். அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பேராசிரியர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுருங்கியிருந்தார். “இவங்க வர்றாங்கன்னு கடிதம் வந்தப்புறம், போன வாரம்தான் முதல் தடவையா நானே மைக்ராஸ்கோப்புல பாத்தேன். அதுவரைக்கும் பசங்கதான் பாப்பாங்க, நான் கையெழுத்துப் போடுவேன். உள்ளே ஒண்ணுமே இல்லை.”

“கல்லை ஆத்துல வீசியிருக்கலாமே?” என்றான் மச்சினன், உண்மையான அக்கறையோடு.

“மனசு வரலை.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சாவியம்மாவின் முகம் இளகவுமில்லை. பேராசிரியர் காலிப் பொட்டலத்துக்குக் கை நீட்டினார். “அதைக் கிழிச்சுப் போட்டுடு.”

“முடியாது சார். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. பழைய சீட்டு தப்பா இருந்தாலும் கிழிக்கக் கூடாது. பக்கத்தில திருத்தச் சீட்டு ஒட்டணும். ரெண்டும் காலத்துக்கும் சேர்ந்தே இருக்கணும்.” சாவியம்மா கல்லைப் பொட்டலத்தில் வைத்து மடித்தார். மேஜையிலிருந்த பேனாவை எடுத்துப் புதுச் சீட்டில் அழகாக எழுதினார். இனம்: பெயிண்ட். நிமிர்ந்தார். “அடையாளம் கண்டவர்னு யார் பேரைப் போட?”

கழுகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார். ஏழு மணி நேரம், இரண்டு முட்டியும் சிராய்ப்பு, அறுபத்து மூன்று கேள்விகள். ஓர் அரை வரியாவது தேறாதா?

“கண்டது நான்தாங்க. கழிப்பறையில,” என்றான் மச்சினன்.

சாவியம்மா அப்படியே எழுதினார். இடம் உட்பட.

கழுகு பல்லைக் கடித்தார். “திருடனைக் கண்டுபிடிச்சவருக்கு ஒரு இடம் இருக்கா அதில?”

“சீட்டில அப்படி ஒரு வரி இல்லை சார்.”

இயக்குநர் இதற்குள் பணிநீக்க உத்தரவை நாலாக மடித்து, தன் கைக்குட்டையைப் போலச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தார். சாவியம்மா அவர் முன் போய் நின்று கையை நீட்டினார்.

“அதை இப்படிக் குடுங்க சார். அதைக் கிழிக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லை.”